நாலு பேர் கப்பல்

உங்களுக்கு இந்த மாதிரி விளையாட்டெல்லாம் பழக்கமில்லை என்றீர்கள். அதற்காகச் சங்கடப்பட வேண்டாம், மேடம். எங்கள் முதலாளிக்கும் பழக்கமில்லை. கடற்கொள்ளையர் கப்பல் விளையாட்டை வைத்துத்தான் பிழைக்கிறார். ஆனால் திரையில் அலை கொஞ்சம் தூக்கிப் போட்டால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவர் வருகிற கூட்டங்களில் கடலை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்போம். அதனால்தான் தலைமை அலுவலகம் விசாரணைக்கு உங்களை அனுப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். நல்லதுதான். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் அந்தக் குழாயில் பிடிக்காதீர்கள், இரும்பு வாடை அடிக்கும்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. மறுகாட்சியில் கை வைத்தது நான்தான். நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுக் களைத்துப்போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுகாட்சி என்றால் என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், ஒரு கப்பலில் எத்தனை பேர் இருக்கலாம் என்கிற விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். அது புரிந்துவிட்டால் என்மேல் உங்களுக்கு இவ்வளவு கடுகடுப்பு இருக்காது.

அலுவலகத்தில் என்னைத் தராசு என்று கூப்பிடுவார்கள். எங்கள் கடலில் மூன்று வகைக் கப்பல் உண்டு. ஒருவர் மட்டும் போகிற சின்னப் படகு, இரண்டு பேருக்கான நடுத்தரக் கப்பல், நாலு பேர் ஏறுகிற பெரிய கப்பல். எல்லாரும் ஒரே கடலில்தான் சுற்றுகிறார்கள். ஒரே புதையலைத்தான் தேடுகிறார்கள். எதிரே வருகிறவரை அடித்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள். யார் எதில் வந்தாலும் பிழைத்துப் போக ஒரு வழி இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். தலைகீழாக நின்றாலும் சரிவராது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தனியாள் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கானைப் பிடித்திருக்கும்போது பீரங்கி சும்மா கிடக்கும். பீரங்கிக்கு ஓடினால் படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பும். ஒரு குண்டு விழுந்து அடியில் ஓட்டையாகிவிட்டதா, இரண்டையும் போட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கு ஓட வேண்டும். பலகையை அடித்து ஓட்டையை அடைக்க வேண்டும், வாளியால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்ட வேண்டும். கொட்டிவிட்டு மேலே வந்து பார்த்தால் நேர் எதிரே பாறை நிற்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகச் சமைக்கிற பெண்ணைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான்.

பெரிய கப்பலில் அந்தத் தொல்லை கிடையாது. சுக்கானில் ஒருவர், பாயில் ஒருவர், பீரங்கியில் ஒருவர், கீழ்த்தளத்தில் வாளியோடு ஒருவர். யாரும் தன் இடத்தை விட்டு நகரவே வேண்டாம். ஆள் நாலு மடங்கு, அதனால் பலமும் நாலு மடங்கு என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியில்லை, அதற்கும் மேலே. அவர்கள் நிறுத்தாமல் சுடலாம், சுட்டுக்கொண்டே திரும்பலாம், முழுகிக்கொண்டே ஜெயிக்கலாம்.

நான் என்னால் ஆனதையெல்லாம் செய்தேன். பெரிய கப்பலை மெதுவாகத் திரும்ப வைத்தேன். பாயைக் கனமாக்கினேன். ஆழமில்லாத இடத்தில் சின்னப் படகு மட்டும் தப்பிப் போகும்படி செய்தேன். நாலு பேர்க்காரர்கள் கத்தினார்கள். கொஞ்சம் தளர்த்தினேன், தனியாள்கள் கத்தினார்கள். இரண்டு பேர்க்காரர்கள் கத்தவே மாட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் கணவன் மனைவி, கத்த வேண்டியதை வீட்டுக்குள்ளேயே கத்தித் தீர்த்துக்கொள்வார்கள்.

இதற்கு நடுவில், ஐந்து பேர் ஏறுகிற கப்பல் ஒன்று விட்டால் என்ன என்று முதலாளிக்கு ஆசை வந்தது. நான் ஒரே பிடியாக நின்று தடுத்தேன். ஐந்தாவது ஆளுக்குக் கப்பலில் வேலையே இல்லை, யார் களைத்தாலும் அவர் போய் நின்றுகொள்வார், அப்புறம் அந்தக் கப்பலை எவராலும் அசைக்க முடியாது என்று படம் போட்டுக் காட்டினேன். முதலாளி சரியென்றுவிட்டார். நாலு என்கிற எண்ணை இந்த விளையாட்டில் நிலைநிறுத்தியது நான்தான், மேடம். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

இனி என் அக்கா வீட்டுக்கு வருகிறேன். முகம் சுளிக்காதீர்கள், இதுவும் விசாரணைக்கு வேண்டியதுதான்.

கீழே அக்காவும் அத்தானும் இருந்தார்கள். மாடியில் அத்தானின் தம்பியும் அவர் மனைவியும். இரண்டுக்கும் நடுவே, வீட்டுக்குள்ளேயே, ஒரு குறுகலான மாடிப்படி. அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். நல்ல உயரம், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். ஒட்டடைக்குச்சி என்று வீட்டில் பெயர், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார், அதனால் எல்லாருக்கும் அவர் டீச்சர். நான் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தனியாக ஒரு அறையில் இருக்கிறேன். சனிக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு.

சாப்பிட்டு முடித்ததும் நாலு பேரும் கப்பலேறிவிடுவார்கள். என் அலுவலகத்து விளையாட்டு என்பதால் ஆரம்பித்தார்கள், அப்புறம் என்னை மறந்துவிட்டு விளையாடினார்கள். கீழே ஹாலில் அக்கா சுக்கான், அத்தான் பீரங்கி. மேலே டீச்சர் பாய், ஒட்டடைக்குச்சி வாளி. ஹெட்போன் எல்லாம் கிடையாது. மாடிப்படி வழியாகவே கத்திக்கொள்வார்கள்.

"திரும்பறேன், திரும்பறேன், ரெண்டு பக்கமும் பாத்துக்கோங்க!" என்பாள் அக்கா. கப்பலில் ஏது பக்கக் கண்ணாடி? பழக்க தோஷம்.

"நீங்க திரும்பறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிருவேன்க்கா" என்று மேலிருந்து டீச்சர் குரல் வரும்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். அங்கே இருந்தால் இரண்டு பக்கத்துப் பேச்சும் கேட்கும். ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அக்கா, என்னையும் சேத்துக்கோயேன்."

"எங்கடி சேத்துக்கறது? நாலு பேருக்கு மேல கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே?"

"சட்டம் போட்டவங்களே வாசல்ல நிக்கறாங்கப்பா" என்றார் அத்தான். மாடி, கீழ் இரண்டும் சிரித்தன. நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத் தெரியும், மேடம். என்னைப் பற்றி யாரும் அந்தக் குறை சொன்னதில்லை.

ஒட்டடைக்குச்சி மட்டும் மேலிருந்து, "நான் வேணா ஒரு வாரம் எறங்கிக்கறேம்மா, நீ வந்து என் எடத்துல இரு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுந்தே விட்டார், நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"நீ எறங்கினா யாரு தம்பி தண்ணி எறைக்கிறது?" என்றாள் அக்கா. "இவ சாப்பிட்ட தட்டக் கழுவவே நாலு தடவ சொல்லணும்."

அதற்கும் சிரித்தோம்.

அடுத்த வாரம் நான் என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதே மாடிப்படியில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாமல், தனியாள் படகில் அவர்கள் இருக்கிற கடலுக்குள் போனேன். சண்டை போட இல்லை. கூடவே போகலாம் என்றுதான். பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகு போனால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"எடது பக்கம் ஒரு பொடிசு வருது" என்றார் அத்தான். அடுத்த மூச்சில் சுட்டார்.

அந்தக் கடலில் எங்கே பாறை, எங்கே ஆழம், காற்று எந்தப் பக்கம் வளைந்து வரும் என்று என்னைவிடத் தெரிந்தவர் கிடையாது. என்ன பிரயோஜனம்? சுக்கானை விட்டுக் கீழே ஓடினேன், ஓட்டையை அடைத்தேன், தண்ணீரை மொண்டேன், மேலே வந்தேன், அதற்குள் இன்னும் இரண்டு ஓட்டை. அவர்கள் பேச்சு முழுக்க என் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் போய்க்கொண்டிருந்தது. படகு முழுகியதும், "அது நான்தான்" என்றேன்.

வீடே அதிர்ந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, நீயாடி! வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" அத்தானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இன்னொரு தடவ வாம்மா, இன்னொரு தடவ" என்றார். போனேன். மறுபடியும் மூழ்கடித்தார்கள். வேடிக்கையாகத்தான் இருந்தது, அவர்களுக்கு.

எனக்கு அவமானமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு வேலை சுலபமாகிவிடும். கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் தொழில் கண்ணோடு பார்த்தால், இந்த விளையாட்டில் சமநிலை எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

திங்கட்கிழமையே வேலையை ஆரம்பித்தேன். பெரிய கப்பல்கள் எப்போது தோற்கின்றன என்று உட்கார்ந்து பார்த்தேன். பீரங்கியால் தோற்பதில்லை. புயலால் தோற்பது குறைவு. கப்பலுக்குள் யாராவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் உடனே தோற்கின்றன. ஒருவர் நங்கூரத்தை இறக்குவார், இன்னொருவர் வீம்புக்கு ஏற்றுவார். சுடச் சொன்னால் ஒருவர் கொடிமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்போது அது நாலு பேர் கப்பல் இல்லை. மூன்று பேரும் ஒரு சுமையும். தனியாள் படகில் இந்தத் தொந்தரவு கிடையாது. கோபித்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

பாருங்கள், எவ்வளவு சுத்தமான விடை. பீரங்கியைத் தொட வேண்டாம், பாயைத் தொட வேண்டாம். ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஒற்றுமையைக் குறைக்கலாம்.

மறுகாட்சி வந்தது அப்படித்தான். ஒரு கப்பல் முழுகியதும், அது முழுகுவதற்கு முந்தைய நேரம் ஒரு குட்டிப் படமாக ஓடும். யார் எங்கே நின்றார், யார் என்ன செய்தார் என்று நாலு பேரும் பார்க்கலாம். தவறுகளிலிருந்து கற்றுக்கொள்வதற்கு என்று கூட்டத்தில் சொன்னேன். கடல் ரொம்ப ஆடாமல் பார்த்துக்கொள் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். முதலில் அதில் ஓடியதெல்லாம் உண்மைதான், மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையே பாதிக் கப்பல்களுக்குப் போதுமானதாக இருந்தது. நீ எங்கே போனாய், நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று தங்களுக்குள்ளேயே கடித்துக்கொண்டு, தன்னால் ஒரு மட்டத்துக்கு இறங்கி வந்தார்கள்.

ஆனால் சில கப்பல்கள் இருக்கின்றன. மறுகாட்சியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அத்தான் ஒருமுறை குறி தவறித் தன் கப்பலின் கொடிமரத்தையே சுட்டுச் சாய்த்தார். அது மறுகாட்சியில் ஓடியபோது மாடியிலிருந்து டீச்சர், "இன்னொரு தடவ போடுங்க, இன்னொரு தடவ" என்று கெஞ்சினார். இப்படிச் சிரிக்கிற கப்பலை உண்மையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இத்தகைய கப்பல்களுக்கு என்று நான் கொஞ்சம் சேர்க்க வேண்டியதாயிற்று.

இதில் இரண்டு விஷயம் கவனமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் தப்பு செய்தால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். எப்போதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். அப்புறம், தப்பு சின்னதாக இருக்க வேண்டும். திருடினார், காட்டிக்கொடுத்தார் என்றெல்லாம் போனால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் செய்தது இவ்வளவுதான்: கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்; ஒட்டடைக்குச்சி வாளியைக் கீழே வைப்பார்; படியேறி மேலே போவார்; கேப்டன் அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். வேறொரு நாள், கப்பல் கரையில் நின்றபோது, அவர் உண்மையாகவே அப்படிப் போய் உட்கார்ந்திருந்தார். அந்த நடையை எடுத்து இங்கே ஒட்டினேன்.

ஏன் அவரை என்கிறீர்கள். பொருத்தம்தான் காரணம். அத்தானின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், அண்ணனும் தம்பியும் முறை வைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். தம்பியின் முறையில், ஒரு போன் வந்ததென்று அவர் வராந்தாவுக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார். துணி மடித்துக்கொண்டே அக்காதான் இதை என்னிடம் சொன்னாள். "இன்னைக்கு வரைக்கும் உங்க அத்தான் அதப் பத்தி அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிக் காட்டினதில்லடி" என்றாள், பெருமையாக.

நல்ல வடிவமைப்பு புதிதாக எதையும் திணிக்காது, மேடம். ஏற்கெனவே இருப்பதோடு பொருந்திப் போகும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுப்பதுண்டு.

முதலில் சிரித்தார்கள். "கீழ தண்ணி ஏறுது, மகாராஜா மேல போய்க் கொலுவிருக்காரு பாரு" என்றார் அத்தான்.

"நான் வாளிய விடவே இல்லண்ணா."

"கண்ணால பாத்தோமேடா."

அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் டீச்சர் குரலில் சிரிப்பு இல்லை. "அவரு என் பக்கத்துலதானே உக்காந்திருக்காரு, அவரு கை நிக்கவே இல்ல, நான் பாத்தேன்" என்றார். "வெளையாட்டுதானே, விடுங்களேன்" என்றாள் அக்கா. வெளையாட்டுதானே என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அதற்குமேல் அது விளையாட்டு இல்லை என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு ஒரு சனிக்கிழமை. கப்பல் முழுகியது, மறுகாட்சி ஓடியது. யாரும் கத்தவில்லை. அத்தான் அக்காவிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "அவன் எப்பவுமே அப்படித்தான். இருக்க வேண்டிய நேரத்துல இருக்க மாட்டான்."

மாடிப்படிக்குத் தாழ்ந்த குரல், உரத்த குரல் என்ற வித்தியாசம் கிடையாது. ஒட்டடைக்குச்சி இறங்கி வந்தார். நான் காலை மடக்கி வழி விட்டேன். தலை இடிக்காமல் குனிந்து வந்து அண்ணன் முன்னால் நின்றார்.

"என்னண்ணா சொன்னீங்க?"

"கப்பலச் சொன்னேன்."

"கப்பலயா?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஒட்டடைக்குச்சி மேலே போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அமைதியாக நடந்தது.

அதன் பிறகு அவர் இங்கே அலுவலகத்துக்கு வந்தார். நேராக வேலையிலிருந்து வந்திருந்தார். தோளில் கருவிப் பை, கையில் கிரீஸ். தேநீர் எடுக்கிற அறையில் உட்கார வைத்தேன். போனில் பிடித்து வைத்திருந்த மறுகாட்சியைக் காட்டினார்.

"நீயே சொல்லும்மா. இதுல எங்கயாவது தப்பு வர வாய்ப்பு இருக்கா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் எழுந்திருக்கவே இல்ல."

"மறுகாட்சி நடந்ததத்தாங்க காட்டும்" என்றேன்.

"மிஷினு தப்பா காட்டாதா? எங்க லிஃப்ட் எல்லாம் நாலாவது மாடில நின்னுக்கிட்டு மூணுன்னு காட்டுமே."

"இது அப்படி இல்லீங்க."

அவர் தேநீரைக் குடிக்காமல் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான்தான் போயிருக்கேன் போல" என்றார். "அன்னைக்கும் அப்படித்தாம்மா. ரெண்டு நிமிஷம்தான் போனேன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் போயிருப்பேனோ என்னவோ. யாருக்குத் தெரியும்."

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. எழுந்து போய் அவருக்கு வேறு தேநீர் எடுத்துவந்து கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது பாருங்கள்.

அப்போது பக்கத்து மேசையில் எங்கள் அலைக்காரர் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டில் தெரிகிற தண்ணீரையெல்லாம் வரைகிறவர், அதனால் அந்தப் பெயர். ஒட்டடைக்குச்சி விடைபெற்றுப் போனதும் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஏங்க தராசு, எட்டிப் பாத்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. கப்பல் முக்காவாசி முழுகியாச்சு. இந்த மனுசன் நடந்து போறாரு, காலு மட்டும் நனையவே இல்லையே?"

கரையில் நின்ற நாளின் நடை அல்லவா. ஈரத்தை நான் மறந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே கவனப்பிசகு அதுதான். அவர் முதலாளியிடம் சொன்னார், முதலாளி தலைமை அலுவலகத்துக்குச் சொன்னார், நீங்கள் வந்தீர்கள். அலைக்காரர்மேல் எனக்கு வருத்தமில்லை. தன் தண்ணீருக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்று பார்த்தார். அவரவர் வேலை அவரவருக்கு.

நீங்கள் வருவதற்குள் அக்கா வீட்டில் மாடி காலியாகிவிட்டது. டீச்சரின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். தூரம் குறைவு, அதனால்தான் என்று டீச்சர் எல்லாரிடமும் சொன்னார். சாமான் இறக்குகிற அன்று அத்தான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். ஒரு ஆளும் வரவில்லையாம், ஆனாலும் மூடவில்லை. போகும்போது ஒட்டடைக்குச்சி, "அண்ணங்கிட்ட சொல்லிருங்கண்ணி" என்றாராம். என்ன சொல்வது என்று சொல்லவில்லையாம். இப்போது மாடிப்படியில் அக்கா ஈரத்துணி காயப்போடுகிறாள்.

அப்புறம் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "சும்மாத்தான் இருக்கு, நீ வந்து ஆடேன்டி" என்றாள்.

இப்போது சனிக்கிழமைகளில் மூன்று பேர் போகிறோம். சொல்லப்போனால் கப்பல் ஓடவே ஓடாது. மூன்று பேர் பெரிய கப்பலை ஓட்டினால் எப்போதும் ஏதோ ஒரு இடம் அனாதையாக நிற்கும். நான் பாயிலிருந்து கீழ்த்தளத்துக்கும் கீழ்த்தளத்திலிருந்து பாய்க்கும் ஓடிக்கொண்டே இருக்கிறேன். அக்கா திரும்பும்போது இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி யாரையும் அதட்டுவதில்லை. முழுகியதும், மறுகாட்சி ஆரம்பிப்பதற்கு முன்பே அத்தான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார். நான் அதை எப்போதோ சரிசெய்துவிட்டேன், இப்போது ஓடுவதெல்லாம் உண்மைதான். அவர் பார்த்தால்தானே. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, மேடம். நான் ஹாலில், அவர்கள் நடுவில் உட்கார்கிறேன்.

அந்த மாற்றிய காட்சி மொத்தம் எத்தனை கப்பல்களுக்குப் போனது என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் இத்தகைய கப்பல்கள், சிரிக்கிற கப்பல்கள் என்று பன்மையில் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கையில் விவரம் இருக்கும்போது அது அழகில்லை. ஒரு கப்பலுக்குத்தான் போனது. எந்தப் பரிசோதனையையும் ஒன்றில்தான் தொடங்குவார்கள்.

நாலை ஐந்தாக மாற்றியிருந்தால் போதுமே, உங்கள் ஒரு வார்த்தைக்கு முதலாளி சம்மதித்திருப்பாரே என்றும் கேட்டீர்கள். சம்மதித்திருப்பார். ஆனால் என் சொந்த ஆசைக்காக விளையாட்டின் விதியை வளைப்பதா? எத்தனை பேர் நம்பி விளையாடுகிறார்கள். அந்த மாதிரிக் காரியம் என் மனசாட்சிக்கு ஒத்துவராது.

கடைசியாக, அவர்களிடம் போய் உண்மையைச் சொல்வீர்களா என்கிறீர்கள். வேலையை விட்டு எடுப்பதைப் பற்றிப் பேசும்போதுகூட உங்கள் முகம் இப்படி இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அத்தான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார், அவருக்கு அழுகை சீக்கிரம் வரும். அந்த நல்ல மனிதருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றது ரெண்டு நிமிஷம்தான் என்று மறுபடி நம்பிக்கை வரும். டீச்சர் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சமாதானமாகிவிடுவார். சாமான்கள் மாடி ஏறும். என்னை மன்னித்துவிடவும்கூடும், அப்படிப்பட்டவர்கள்தான். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது.

ஆனால் அவர்கள் திரும்பி வந்தால் கணக்கு நாலாகிவிடுகிறதே, மேடம். நான் இப்போதுதான் ஏறியிருக்கிறேன்.